ஏழாம் பக்கத்துக் கறுப்பு ஸ்டிக்கர்

மரகதத்தின் மேல் நானே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒரு தடவை இல்லை. முந்நூறு பிரதிகளிலும் ஒட்டச் சொல்லி என் கையிலேயே கொடுத்திருந்தார்கள்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், பூக்கடைக்கு மேலே எங்கள் பதிப்பாளரின் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரோரம் கட்டுக்கட்டாகப் புத்தகம். கீழேயிருந்து மல்லிகை வாசனை ஏறி வந்து புது மையின் வாசனையோடு கலக்கும். ஜன்னல் ஏர்கான் சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு மைலோ டின் வைத்திருப்பார்கள். டொக், டொக் என்று அது ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பிரதியை எடுக்க வேண்டும். ஏழாம் பக்கத்தைத் திறக்க வேண்டும். உள்ளங்கை அளவு கறுப்பு ஸ்டிக்கரை உரித்து, சுருக்கம் விழாமல் படத்தின் மேல் ஒட்டி, விரலால் தேய்க்க வேண்டும். முதல் பத்துப் பிரதி முடிவதற்குள் எனக்குக் காது சூடாகிவிட்டது. இருபதாவது பிரதியில் வாய்விட்டே திட்ட ஆரம்பித்துவிட்டேன்.

“மேடம், கீழே கடையில கஸ்டமர் இருக்காங்க” என்றார் பதிப்பாளர்.

“இருக்கட்டும். அவங்களும் கேக்கட்டும்” என்றேன்.

சென்ற வாரம் ஒரு வாசகி, ‘உங்கள் வாரப் பத்தியில் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, குறைத்துக்கொள்ளலாமே’ என்று அன்பாக எழுதியிருந்தார். அம்மா, இந்த வாரமும் முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த மரகதம்?

இந்தப் பத்தியை இப்போதுதான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ‘மாயக்காரி மரகதம்’ எங்கள் படக்கதைத் தொடர். கதை நான் எழுதுகிறேன். படம் வரைவது ஷாலினி. ஜூரோங்கில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த தோழியின் மகள். பகலில் கணினி விளையாட்டுகளுக்கு அசுரர்களை வரைகிற வேலை. அசுரர்கள் அலுத்துப்போன ஒரு சனிக்கிழமை என்னிடம் வந்து, “ஆன்ட்டி, நீங்க முன்னால மேஜிக் ஷோ பண்ணீங்கன்னு அம்மா சொன்னாங்க. அதை வெச்சு ஒரு சூப்பர்ஹீரோ பண்ணலாமா?” என்று கேட்டாள். அப்படித் தொடங்கியதுதான்.

மரகதம் மேடையில் மாயவித்தை செய்கிறவள். மற்ற நேரத்தில் ஊரைக் காப்பாற்றுகிறவள். அவளுக்குப் பறக்கத் தெரியாது. கண்ணிலிருந்து நெருப்பு வராது. அவளுடைய சக்தி ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு சின்ன இடத்திலும் உடம்பை மடக்கி நுழைந்துவிடுவாள்.

முதல் இதழில் துணி துவைக்கும் இயந்திரத்தின் அட்டைப்பெட்டிக்குள் ஒளிந்து, பணிப்பெண்களின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருந்த ஏஜெண்டின் வீட்டுக்குள் போனாள். டெலிவரிக்காரர்களே அவளைத் தூக்கிக்கொண்டு போய் வரவேற்பறையில் வைத்தார்கள். இரண்டாம் இதழில் அடுக்குமாடி புளோக்கின் குப்பைக் குழாய்க்குள் இறங்கினாள். அந்த இதழுக்குப் பிறகு பல அம்மாக்கள் எனக்கு எழுதினார்கள், பிள்ளைகள் குப்பைக் குழாய் மூடியைத் திறந்து பார்க்கின்றன என்று. அதற்கு மட்டும் நான் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நான்காம் இதழ் அவள் இந்த வித்தையை எப்படிக் கற்றாள் என்ற கதை. ஏழாம் பக்கம் முழுக்க ஒரே படம். மேடையில் வாள் பெட்டி. வெளியே ஒருவர் வாளைச் செருகுகிறார், கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறது. பெட்டியின் முன்பலகை மட்டும் இல்லை. உள்ளே மரகதம் சுருண்டு கிடந்து, வருகிற வாளின் முனையை விரலால் பிடித்துத் தன் உடம்பை விட்டு விலக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் நெற்றி வேர்வையைக்கூட ஷாலினி ஒவ்வொரு துளியாக வரைந்திருந்தாள்.

அந்தப் பக்கத்துக்குத்தான் கறுப்பு ஸ்டிக்கர்.

புகார் கொடுத்தவர்

புகார் கொடுத்தவர் வேறு யாருமில்லை. என் கூடப் பிறந்த இன்னாசி அண்ணன்.

மேடைப்பெயர் புரொபசர் இக்னோ. எந்தக் கல்லூரியிலும் புரொபசர் இல்லை, கப்பல் பட்டறையில் வெல்டர். ஆனால் சனி ஞாயிறானால் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் போட்டுக்கொண்டு கோவில் மண்டபம், சமூக மன்றம், கம்பெனி விருந்து என்று எல்லா மேடையிலும் நிற்பார். எங்கள் பங்குத் திருவிழாவில் பூசைக்குப் பிறகு பிரியாணியும் அண்ணனின் மேஜிக்கும் இல்லாவிட்டால் சனம் வீட்டுக்குப் போகாது. அந்தப் பெயரை அவர் கஷ்டப்பட்டுச் சம்பாதித்தார், அதை நான் மறுக்கவில்லை.

புறாவும் சீட்டுக்கட்டும் சும்மா தொடக்கத்துக்குத்தான். எல்லாரும் காத்திருப்பது கடைசி உருப்படிக்கு, வாள் பெட்டிக்கு. தங்கை பெட்டிக்குள் இறங்குவாள், அண்ணன் பன்னிரண்டு வாளைச் செருகுவார், பிறகு உருவுவார், தங்கை சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பாள். அந்தத் தங்கை நான்.

வெளியீட்டு விழாவுக்கு அண்ணனைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டதும் நான்தான். மரியாதைக்காகப் பதிப்பாளர் ஒரு பிரதியை முன்கூட்டியே மார்சிலிங்கில் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார். விழாக்களில் நடக்கிறதுதானே, சிறப்பு விருந்தினர் நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் புத்தகத்தைப் புரட்டியாவது பார்த்திருக்க வேண்டும்.

அண்ணன் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் நின்றுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் பதிப்பாளருக்குப் போன் போட்டு, “என் ரகசியத்தை வெளியே விட்டிருக்கீங்க. இது தொழில் துரோகம். மேஜிக்காரங்க சங்கத்துல சொல்லி உங்க விழாவையே நிறுத்திடுவேன்” என்று குதித்திருக்கிறார். பதிப்பாளர் பயந்த சுபாவம். அன்று மாலையே கறுப்பு ஸ்டிக்கருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்.

‘என் ரகசியம்’ என்றாராம். அந்த இரண்டு வார்த்தைதான் என்னைச் சுட்டது. பெட்டிக்குள் மடங்கியது என் முதுகு, என் முட்டி, என் கழுத்து. ரகசியம் மட்டும் எப்படி அவருடையது ஆனது?

மாதா சுரூபத்துக்கு முன்னால்

சத்தியம் செய்து கொடுத்தது உண்மைதான். அதை மறைக்க மாட்டேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது இருபது வயதிருக்கும். வீட்டில் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, பெட்டியோடு வந்த வரைபடத் தாளை விரித்து, அண்ணன் என்னைச் சத்தியம் பண்ணச் சொன்னார். அந்தத் தாளில் ஒரு பெண் எப்படிப் படுக்க வேண்டும் என்று கோட்டுப் படம் இருந்தது. வலது பக்கமாக ஒருக்களிக்க வேண்டும், முகம் கூட்டத்தைப் பார்த்து, முட்டி மார்போடு ஒட்டி. முகம் முன்பக்கம் இருந்தால்தான் துளை வழியாக வாள் முனை வருவது கண்ணுக்குத் தெரியும். ‘இதை உயிருள்ளவரை யாருக்கும் சொல்ல மாட்டேன்’ என்றேன்.

ஒவ்வொரு ஷோவுக்கும் முன்னால் அண்ணன் பெட்டிக்குத் தீர்த்தம் தெளிப்பார். மெழுகு போட்டுத் துடைப்பார். கீலுக்கு எண்ணெய் விடுவார். எனக்குத் தீர்த்தம் தெளித்ததாக ஞாபகம் இல்லை.

மேடையில் ஒரு சடங்கு உண்டு. மூடியைப் போட்டதும் பாட்டு உரக்க ஒலிக்கும், அண்ணன் பெட்டியைச் சுற்றி ஒரு சுற்று நடந்து வருவார். பிறகு என் தலைப்பக்கத் துளையில் குனிந்து, “தங்கச்சி, உள்ளே சௌக்கியமா?” என்று கேட்பார். நான் “சௌக்கியம் அண்ணே!” என்று கத்துவேன். கூட்டம் சிரிக்கும். பிறகு முதல் வாள் வரும்.

ஜூரோங்கில் ஒரு விருந்து

ஜூரோங்கில் ஒரு கம்பெனியின் டின்னர் அண்ட் டான்ஸ். மேடை என்று மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பெட்டி நிற்கும்போதே ஒரு கால் ஆடியது. நான் உள்ளே இறங்கி வலது பக்கம் சாயும்போது மேசை விலகி, பெட்டி ஒரு பக்கமாக இறங்கி விழுந்தது. பெட்டியின் எடையும் என் எடையும் சேர்ந்து என் வலது இடுப்பில் இறங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது.

வெளியே அண்ணன் சமாளித்துக்கொண்டிருந்தார். “ஐயோ, தங்கச்சி வெயிட் போட்டுட்டா லா!” என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெட்டியை நிமிர்த்தினார்கள். பன்னிரண்டு வாளும் வந்தன. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டையும் விலக்கினேன், எழுந்து நின்று சிரித்தேன்.

மேடைக்குப் பின்னால் வந்து நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அண்ணன் மண்டியிட்டு உட்கார்ந்து பெட்டியின் மூலையைத் தடவிப் பார்க்கிறார். “நல்ல வேளை, பெட்டிக்கு ஒண்ணும் ஆகல” என்றார்.

இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாக்கியம் எனக்கு அப்படியே மனப்பாடம்.

அதற்குப் பிறகு வலது பக்கமாக என்னால் ஒருக்களிக்கவே முடியவில்லை. படுக்கையில்கூட முடியவில்லை. அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு பெண்ணைத் தேடியிருப்பார். எனக்கு மேடை பிடித்திருந்தது. பெட்டியைத் திறந்து எழுந்து நிற்கும்போது முகத்தில் அடிக்கிற அந்த வெளிச்சம் பிடித்திருந்தது. அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

பெட்டி எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில்தான் இருந்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே இறங்கி இறங்கிப் பழகினேன். இடது பக்கமாக ஒருக்களித்தேன். முகம் முன்பக்கம்தான் இருக்க வேண்டும் என்பதால் தலை எதிர்முனைக்குப் போய்விட்டது, கால் தலை இருந்த இடத்துக்கு வந்துவிட்டது. முட்டியை அந்தத் தாளில் இருப்பதுபோல வைத்தால் ஐந்தாம் வாள் இடிக்கும், அதனால் ஒரு காலை அடியில் மடக்கினேன். எந்த வாள் எந்த உறுப்புக்குப் பக்கத்தில் வரும் என்று முதலிலிருந்து மனப்பாடம் பண்ணினேன். தாளில் இல்லாத ஒரு முறை அது, முழுக்க நானே கண்டுபிடித்தது.

வழக்கம்போலக் கூட்டத்துக்கு முன்னால் வலது பக்கமாக இறங்குவேன். அண்ணன் பெட்டியைச் சுற்றுகிற அந்த ஒரு சுற்றுக்குள் உள்ளே திரும்பிவிடுவேன். வாள்களை உருவி முடித்ததும் பழையபடி திரும்பி எழுந்திருப்பேன். பதினோரு ஆண்டுகள் இப்படி ஓடின.

அண்ணனிடம் சொல்லவில்லை. ஷாலினியிடமும் சொல்லவில்லை. மரகதத்தை வரைய அவள் விவரம் கேட்டபோது, வாய் தானாகவே அந்தப் பழைய தாளில் இருந்ததைத்தான் சொன்னது. வலது பக்கம், முட்டி மார்போடு. அந்தத் தாளில் உள்ள மாதிரிப் பெட்டி இன்று பழைய சாமான் கடையிலும் கிடைக்கும், அதன் வழியை இன்டர்நெட்டில் எந்தப் பையனும் பார்க்கலாம். ஆனால் என் சொந்த வழியைச் சொல்ல வரும்போது சத்தியம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். பாவம், அந்தப் பெண் நான் சொன்னதை நம்பி வரைந்துவிட்டாள்.

மறுபடி அந்த மாடியறை

நாற்பதாவது பிரதியில் இருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம். அண்ணன் வந்தார். ஸ்டிக்கர் சரியாக ஒட்டுகிறார்களா என்று பார்க்க வந்திருக்கிறார்! கையில் ஒரு பையில் கட்டிய தே ஓ, பால் சேர்க்காத தேநீர். எனக்கும் ஒன்று வாங்கி வந்திருந்தார், சீனி இல்லாமல், நான் குடிக்கிற மாதிரியே. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

“கோவமா இருக்கியா ஸ்டெல்லா?” என்றார்.

“இல்லைண்ணே, ரொம்ப சந்தோஷமா இருக்கேன். பாருங்க, என் கையாலேயே என் மூஞ்சியில கரி பூசிக்கிட்டு இருக்கேன்.”

“தொழில்னு ஒண்ணு இருக்குல்ல. சத்தியம் பண்ணியா இல்லையா?”

“பண்ணேன்.”

“பிறகு எப்படி லா இதை வெளியே விடுவே?” ஒட்டாத ஒரு பிரதியை எடுத்து ஏழாம் பக்கத்தைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். “பாரு. அச்சு அசல். தலை இந்தப் பக்கம், முட்டி இப்படி, கை இப்படி. நீ உள்ளே எப்படிப் படுப்பியோ அப்படியே இருக்கு. ஒரு இன்ச் மாறல!”

ஸ்டிக்கரை உரித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

“என்னண்ணே சொன்னீங்க?”

“ஒரு இன்ச் மாறலைன்னேன்.”

பதிப்பாளர் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. இந்த மனிதர் எதைக் காப்பாற்றுவதற்காக என்னைத் துரோகி என்றார்? அவருக்கே தெரியாத ஒன்றையா?

“அண்ணே, ஜூரோங்ல பெட்டி விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா?”

“ஆமா. பெட்டிக்கு ஒண்ணும் ஆகல.”

“பெட்டிக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு இடுப்பு போச்சு. அன்னையிலேருந்து நான் இப்படிப் படுக்கலை. இந்தப் படம் அந்தத் தாள்ல இருந்தது. நான் இடது பக்கமா படுத்தேன். தலை அந்தக் கடைசியில இருந்துச்சு.”

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“அப்ப நான் செருகின வாள்...”

“மூணாவது வாள் என் கால் பக்கம் போகுதுன்னு நெனச்சீங்க. அது என் காது ஓரமா போச்சு. ஒவ்வொரு ஷோவிலயும் ரெண்டு விரலால பிடிச்சுத் தள்ளுவேன். பதினோரு வருஷம்.”

“சும்மா சொல்லாத. நான் உன் தலைப்பக்கம் குனிஞ்சு கேப்பேன்ல, சௌக்கியமான்னு...”

“கேப்பீங்க. என் காலைப் பாத்துக் கேப்பீங்க.”

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுபதை நெருங்குகிற மனிதர். வெல்டிங் பொறி பட்டுப் புள்ளி புள்ளியாகத் தழும்பேறிய கைகள். அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

“ஏன் சொல்லலை நீ?”

“நீங்க கேக்கலையே. பெட்டியைக் கேட்டீங்க.”

“எனக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருந்தது நீதானே!”

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது.

“ஆமாண்ணே” என்றேன். “உள்ளே இருந்தது நான்தான்.”

தே ஓ ஆறிப்போனது. அண்ணன் பதிப்பாளர் பக்கம் திரும்பி, “தம்பி, ஸ்டிக்கர் வேணாம். இருக்கிறபடியே விட்டுடுங்க” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

பதிப்பாளர் முகம் மலர்ந்தது. என் முகம் மலரவில்லை. இத்தனை பிரதியில் என் கையாலேயே ஒட்ட வைத்துவிட்டு, இப்போது பெரிய மனசு பண்ணி வேண்டாம் என்கிறார்களா? ஒட்டு என்றாலும் அவர்தான் சொல்ல வேண்டும், ஒட்டாதே என்றாலும் அவர்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறேன்?

“வேணாம், ஒட்டட்டும்” என்றேன். “எல்லாப் பிரதியிலயும் ஒட்டட்டும். அது தப்பான படம்.”

மீதிப் பிரதிகளுக்கும் நானே ஒட்டினேன். அண்ணன் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்டிக்கராக உரித்து என்னிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அட்டைப்பெட்டி

வெளியீட்டு விழாவில் அண்ணன் முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டு, இரண்டே நிமிடம் பேசி உட்கார்ந்துவிட்டார். ரகசியம் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. பள்ளிச் சீருடையோடு வந்திருந்த ஒரு பெண்பிள்ளை கையொப்பம் வாங்க வந்தபோது, “ஏழாம் பக்கத்துல என்ன ஆன்ட்டி இருக்கு?” என்று கேட்டாள். “அடுத்த இதழில் பார், கண்ணு” என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஷாலினியை வீட்டுக்கு வரச் சொன்னேன். என் புளோக்கின் கீழ்த்தளத்தில், யார் வீட்டுக்கோ வந்த புது ஃபிரிட்ஜின் அட்டைப்பெட்டி கிடந்தது. இருவரும் அதை லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்தோம். பழைய பெட்டியின் அளவுக்கு வெட்டி, டேப் போட்டு ஒட்டினோம்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் தப்பாகச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. “ஆன்ட்டி, இப்ப சொன்னா ப்ராமிஸ் பிரேக் ஆகாதா?” என்று மட்டும் கவலையோடு கேட்டாள்.

நானும் அதை நிறைய யோசித்திருந்தேன். சத்தியம் அண்ணனின் தாளில் இருந்ததற்கு. அது இப்போது முந்நூறு கறுப்பு ஸ்டிக்கருக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. நான் கண்டுபிடித்தது என்னுடையது. அதை நான் யாருக்கு வேண்டுமானாலும் காட்டுவேன்.

அறுபதை எட்டிப் பார்க்கிற உடம்பு. முட்டி முனகியது, இடுப்பு எச்சரித்தது. ஆனாலும் உள்ளே இறங்கி இடது பக்கமாகச் சாய்ந்ததும், எல்லாம் தானாகவே அதனதன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. ஒரு கால் அடியில், முகம் முன்பக்கம், காதோரம் இரண்டு விரல்.

ஷாலினி தரையில் உட்கார்ந்து, டேப்லட்டை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவை எடுத்தாள். வரைவதற்கு முன்னால் குனிந்து, என் முகத்துக்கு நேரே பார்த்துக் கேட்டாள்.

“ஆன்ட்டி, உள்ளே ஓகேவா? வலிக்குதா?”

அத்தனை வருஷ மேடைப் பழக்கம். ‘சௌக்கியம்’ என்று கத்தத்தான் வாய் முதலில் போனது.

“வலிக்குது” என்றேன். “அதையும் சேத்து வரை.”